காரில் போனால் தெரியாத ஊர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி வழியாகச் சாயல்குடிக் கடற்கரை வரை காரில் போய்வந்த அன்பர் ஒருவரின் பயணக் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். உடைமரங்களையும் பனங்காட்டையும் மத்தியான வெயிலில் தார்ச்சாலையில் தெரியும் கானலையும் அவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ராமேசுவரம் போகிற அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சீமைக்கு முழுப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நிலம் பாலைவனம் என்றும், அங்கே குடியிருப்பவர்கள் வெளியுலகத்தோடு ஒட்டாமல் ஒதுங்கிப்போனவர்கள் என்றும், நிலத்தின் வறட்சிதான் அவர்களை அப்படி ஒதுக்கிவைத்தது என்றும் கட்டுரையாளர் ஒரே மூச்சில் எழுதிவிட்டதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் கீழமாசி வீதியில் மிளகாய் வத்தலும் மல்லியும் வியாபாரம் செய்கிறவன். தை பிறந்து களத்தில் வத்தல் விழத் தொடங்கியதும், பயிரைப் பார்க்கவும் விலை பேசவும் அந்த ஊர்களுக்குப் போவது எங்கள் தொழிலில் வழக்கம். சரக்கு ஏற்றும் நாள் தவிர மற்ற நாட்களில் பேருந்தில்தான் போய்வருகிறேன். ஆகையால் அந்த நிலத்தை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் பேருந்தின் ஜன்னலிலிருந்தும், பேருந்து வராத நிறுத்தங்களில் புளியமரத்து நிழலில் நின்றபடியும்தான். அதனாலேயே கட்டுரையாளருக்குத் தெரிந்த சீமை வேறு, எனக்குத் தெரிந்த சீமை வேறு என்று தோன்றுகிறது.

முதலில் மழைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 827 மில்லிமீட்டர். உண்மையான பாலைவனமான ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் அது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, வானம் இந்த மண்ணை அடியோடு கைவிட்டுவிடவில்லை. பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது என்பதும், அதைத் தேக்கிவைத்து மிச்ச மாதங்களை ஓட்ட வேண்டும் என்பதும்தான் இங்குள்ள சிக்கல். அதற்காகத்தான் முன்னோர்கள் ஊருக்கு ஒரு கண்மாயும், குடிநீருக்குத் தனியாக ஓர் ஊருணியும் வெட்டினார்கள். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேருகிறது. அது நிரம்பி வழிந்தால்தான் கடலுக்குத் தண்ணீர். குண்டாற்றிலிருந்து, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்தில் பிரித்த ரெகுநாத காவேரிக் கால்வாய் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்படி வெட்டப்பட்டது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி இன்றும் சொல்வார்கள். நாரையாலும் ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம் என்பது அதன் பொருள். இப்படியெல்லாம் செய்துவைத்த ஊரைப் பாலைவனம் என்பது, அதைச் செய்தவர்களுக்கும் நியாயம் இல்லை, அதைத் தூர் வாராமல் விட்டவர்களுக்கும் வசதியாகப் போய்விடுகிறது.

கட்டுரையாளர் பாலைவனத்து மரம் என்று வர்ணித்திருக்கும் சீமைக் கருவேலமும் இந்த மண்ணுக்குச் சொந்தமானது இல்லை. விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்து பரப்பியது. கண்மாய், வரத்துக்கால், புறம்போக்கு என்று ஒன்றையும் விடாமல் அடைத்துக்கொண்டது. அதை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 தொடக்கத்தில் உத்தரவிட்டதும், கொஞ்ச நாள் பொக்லைன்கள் ஓடியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அதே மரத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் மூட்டத்தொழிலை நம்பித்தான் சாயல்குடி, கமுதி வட்டாரத்தில் ஏராளமான குடும்பங்கள் மழை பொய்த்த வருடங்களில் அடுப்பு எரிக்கின்றன. வேரோடு பிடுங்கு என்று மதுரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அந்த விவகாரம் தனியாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்குப் பெரியது. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

நான் எழுத வந்தது தனிமையைப் பற்றி. அந்த ஊர்கள் தனித்துக் கிடப்பது உண்மை. ஆனால் அவற்றைத் தனிமைப்படுத்தியது மணலும் வெயிலும் இல்லை, பேருந்து நேரம். காரில் போகிறவருக்கு இது கண்ணில் படவே வாய்ப்பில்லை. அவர் நினைத்த இடத்தில் திரும்புகிறார், நினைத்த நேரத்தில் கிளம்புகிறார். வழியில் ஒரு கிழவி தலையில் கட்டுச்சுமையோடு நடந்து போனால், அது அந்த நிலத்தின் இயல்பு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார். அந்த அம்மா நடப்பதற்குக் காரணம் பதினொன்றே கால் பேருந்து அன்றைக்கு வரவில்லை என்பதாக இருக்கலாம் என்ற யோசனை அவருக்கு எப்படி வரும்?

அந்த வட்டாரத்துப் பேருந்துத் தடங்களை ஒருமுறை காகிதத்தில் வரைந்து பாருங்கள். பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் சக்கரத்து ஆரக்கால்கள்போல் வெளியே போய், கடைசிக் கிராமத்தைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகின்றன. ஓர் ஆரக்காலின் நுனியிலிருந்து பக்கத்து ஆரக்காலின் நுனிக்குப் போகக் குறுக்கே வண்டி கிடையாது. ஏழெட்டு கிலோமீட்டரில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது பெண் கொடுத்த ஊர். அங்கே ஒரு துக்கம் என்றால் முதுகுளத்தூர் வரை வந்து, இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, மறுபடி ஏறி, அரை நாளைத் தொலைத்துத்தான் போய்ச்சேர வேண்டும். பைக் வைத்திருக்கும் வீட்டில் இளவட்டம் யாராவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வயதான தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீடுகளில் (அங்கே பாதிக்கு மேல் அப்படிப்பட்ட வீடுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது) ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பேசி, தெருவே சேர்ந்து பணம் போட்டு, பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று போலீஸ் மறித்தால் அதற்கும் ஒரு செலவு.

இந்த ஊர்களுக்கு ஒரு காலத்தில் பெரிய ஆதரவாக இருந்தது ஹால்ட் பேருந்து. மதுரை வாசகர்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். இரவு கடைசி நடையாக வரும் பேருந்து டிப்போவுக்குத் திரும்பாமல் கடைசிக் கிராமத்திலேயே தங்கிவிடும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்திருந்து, விடிவதற்கு முன் முதல் நடையை எடுப்பார்கள். மாசி மாதத்தில் ஒருமுறை, வத்தல் விலை பேசி நேரமாகிவிட்டதால், அப்படி ஓர் ஊரில் நானும் தங்க வேண்டியதாயிற்று. பேருந்து அம்மன் கோவில் முன்னால் நின்றது. நடத்துநர் பணப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்காரும் சீட்டில் படுத்தார். ஓட்டுநர் கோவில் திண்ணையில் துண்டை விரித்தார். எந்த வீட்டுச் சாப்பாடு என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, நான் ஒருவன் கூடுதல் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. நாலரை மணிக்கெல்லாம் ஊர் எழுந்துவிட்டது. பால் கேன்கள் பின்பக்கப் படியருகே வந்து வரிசையாக நின்றன. கோழிக் கூடை ஒன்று, வத்தல் மூட்டைகள், மருத்துவமனைச் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர், பரமக்குடிக் கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள். "அண்ணாச்சி, மூட்டைய மேல போடாதீங்க, இடுக்குல சொருகுங்க, பனி விழுது" என்று ஒரு பெண் என்னிடமே சொன்னார், சரக்கு என்னுடையதாகப் போகிறது என்பது தெரியாமல். ஓட்டுநர் ஹார்ன் அடித்து, யார் யார் இன்னும் வரவில்லை என்று பேர் சொல்லிக் கேட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அந்த ஊரின் ஹால்ட் பின்னர் நின்றுபோயிற்று. ஆள் பற்றாக்குறை என்றார்கள், வசூல் இல்லை என்றார்கள், தங்கும் இடத்தில் வசதி இல்லை என்று பணியாளர்கள் மறுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். எதையும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். திண்ணையில் படுத்து வண்டி ஓட்டச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு முதல் பேருந்து ஊருக்கு வந்து திரும்புவதற்குள் மணி எட்டைத் தாண்டிவிடுகிறது. மாலையில் கடைசி வண்டி ஆறரைக்கு வந்து போய்விடுகிறது. இந்த இரண்டு மாற்றங்களால் என்னென்ன நின்றுபோயின என்பதைப் பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. எனக்கு நேரில் தெரிந்த ஒன்றை மட்டும், அதாவது வத்தல் விலையை, சொல்கிறேன்.

முண்டு மிளகாய் அந்தச் சீமையின் பெருமை. உருண்டையாக, தோல் தடித்து, பளபளப்பாக இருக்கும். 2023 ஆம் ஆண்டில் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. கரிசலில் மழையை நம்பி விதைத்து, பழுத்ததைப் பெண்கள் குனிந்து பறித்து, குவித்துவைத்து நிறம் ஏற்றி, பிறகு களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்த சரக்கைச் சம்சாரி, அதாவது விவசாயி, தானே மூட்டை கட்டிக் காலைப் பேருந்தில் ஏற்றிப் பரமக்குடிக்கோ விருதுநகருக்கோ கொண்டுபோனால், அன்றைய விலை என்னவென்று நாலு கடையில் கேட்பான், கட்டாவிட்டால் ஒரு வாரம் பொறுத்து விற்பான். காலைப் பேருந்து இல்லாத ஊரில் அவனால் அது முடியாது. சந்தை கூடி முடிகிற நேரத்துக்குப் போய் என்ன செய்வது? அதனால் களத்துக்கே வண்டி கொண்டுவருகிற வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் அவன் கொடுத்தாக வேண்டும். வண்டி கொண்டுபோகிற வியாபாரி யார் என்று கேட்டால், என்னைப்போன்றவன்தான். அந்த ஊருக்குப் பேருந்து இல்லாமல் இருப்பது என் தொழிலுக்கு லாபம் என்பதை ஒளித்துவைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுவது சரியாக இருக்காது. போக்குவரத்து உள்ள ஊரிலும் இல்லாத ஊரிலும் ஒரே தரத்துச் சரக்குக்கு ஒரே நாளில் இரண்டு விலை சொல்லிப் பழகிய கைதான் இதை எழுதுகிறது. புவிசார் குறியீட்டை வாங்கிக் கொடுத்தவர்கள் ஒரு காலைப் பேருந்தையும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தக் குறியீட்டின் பலன் களம்வரை போயிருக்கும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் வந்தபோது, அந்தச் சீமையில் அது உண்டாக்கிய மாற்றத்தை நான் பேருந்துக்குள்ளேயே பார்த்தேன். அதற்கு முன் பேருந்தில் ஏறுவதற்கு வீட்டில் காசு கேட்க வேண்டியிருந்த பெண்கள், யாரையும் கேட்காமல் முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் வந்துபோகத் தொடங்கினார்கள். திட்டத்தைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். மதுரையிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இல்லை. அதனால் முன்னால் வரும் வண்டியை விட்டுவிட்டு, முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டிக்காக வெயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறார்கள். நகரத்தில் அடுத்த வண்டி பத்து நிமிடத்தில் வரும் என்ற கணக்கில் போட்ட திட்டம், ஒரு நாளைக்கு மூன்று நடை மட்டும் வரும் ஊரில் இப்படித்தான் நடக்கும்.

அரசு ஊழியர்களைப் பற்றியும் ஒரு சொல். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலதிகாரிகள் மிரட்டுவது எந்தச் சீமையை நினைத்து என்பது தென்மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படி வந்து சேர்கிற ஆசிரியரும் செவிலியரும் குடும்பத்தை மதுரையிலோ அருப்புக்கோட்டையிலோ வைத்துவிட்டு, நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். வண்டி பத்து மணிக்கு வந்தால் பள்ளிக்கூடமும் பத்து மணிக்குத்தான். நாலு மணி வண்டியை விட்டால் அடுத்தது இல்லை என்பதால் மூன்றே முக்காலுக்கே பையை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. 108 வண்டி 2008 இல் வந்தபின் பிரசவத்துக்கு அலைவது பெரிதும் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணைக் குழந்தையோடு ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்கும், மாதந்தோறும் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்கப் போவதற்கும்தான் வண்டி இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, அங்குள்ளவர்கள் எங்கும் போகாமல் முடங்கிக் கிடக்கிறவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உண்மையில் அவர்களைப்போல் ஊர்சுற்றியவர்கள் குறைவு. கீழைக்கரையின் கப்பல் வணிகம் நாடறிந்தது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஊர்களிலும் மலேசியா, சவூதி, துபாய் என்று ஆள் இல்லாத தெரு கிடையாது. எல்லோரையும்விட என்னை வியக்கவைப்பவர்கள் கீதாரிகள். ஆடுகளை நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, சிவகங்கை, புதுக்கோட்டை தாண்டித் தஞ்சாவூர்ச் சீமை வரை கால்நடையாகவே போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, வயலுக்கு உரம் கொடுத்துக் கூலி வாங்கி, மழைக்காலத்தை ஒட்டித் திரும்புகிறவர்கள் அவர்கள். எந்தக் கண்மாயில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்த ஊரில் கிடைக்கு இடம் கொடுப்பார்கள், எந்தத் தரைப்பாலத்தில் குட்டிகளை இறக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வரைபடத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டும் பெருநாழி விலக்கில் வழி கேட்டு நிற்கிற நாம் அவர்களை ஒதுங்கிய மக்கள் என்று எழுதுவது வேடிக்கைதான்.

கட்டுரையாளர் கோடையில் போயிருக்கிறார். மழைக்காலத்தில் போயிருந்தால் வேறு ஒன்றைப் பார்த்திருப்பார். வறட்சிக்குப் பேர்போன அந்தச் சீமையில் ஊர்கள் முழுதாகத் துண்டிக்கப்படுவது மழை பெய்யும்போதுதான். கரிசல் மண் ஒரு நல்ல மழைக்குப் பிறகு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு விடாது. ஓடைகளின்மேல் போட்டிருக்கும் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். பேருந்து விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, மிச்ச தூரம் நடப்பார்கள். அந்த மழைக்காகத்தான் அவ்வளவு பேரும் வருடம் முழுக்கக் காத்திருந்தார்கள் என்பதால், யாரும் அதைக் குறையாகச் சொல்வதும் இல்லை.

சாலையே போடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை வந்துவிட்டது. அங்கிருந்து ராமநாதபுரம் வரையுள்ள 46.7 கிலோமீட்டரையும் சுமார் 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. கமுதிப் பக்கம் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. அந்த வெயிலை யாரோ பயன்படுத்திக்கொள்கிறார்கள். கடற்கரையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை தூத்துக்குடி வரை போகிறது. இவை எல்லாம் இந்தச் சீமையைச் சுற்றியோ கடந்தோ போகிறவை. உள்ளே இருக்கும் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிறவருக்கு இவற்றால் என்ன ஆகும்? காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது வரும்போது வரட்டும். பேருந்துக்கு அணை கட்ட வேண்டியதில்லை.

என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. 1997 இல் மினி பஸ் திட்டம் தொடங்கியபோது பேருந்து போகாத ஊர்களை இணைப்பதுதான் நோக்கம் என்றார்கள். நாளடைவில் அந்த வண்டிகள் ஆள் கிடைக்கும் டவுன் பக்கமே ஒதுங்கிக்கொண்டதை மதுரையிலேயே பார்த்தோம். 2025 இல் தொடங்கியிருக்கும் புதிய விரிவான மினி பஸ் திட்டத்திலாவது, ஆரக்கால்களின் நுனியை நுனியோடு இணைக்கும் தடங்களை முதலில் கொடுக்க வேண்டும். அபிராமத்திலிருந்து ஒரு வண்டி, பெருநாழியிலிருந்து ஒரு வண்டி, குறுக்கே போய் வந்தால்கூட எத்தனையோ ஊர்களுக்குத் தாலுகா டவுனைச் சுற்றிவரும் அலைச்சல் மிச்சம். ஹால்ட் நிறுத்தப்பட்ட ஊர்களில், பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையும் கழிப்பறையும் மின்விசிறியும் பணியாளர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்து, அந்த நடைகளைத் திரும்ப விட வேண்டும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் அறையைக் கட்டிக்கொடுக்க அவர்களே முன்வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. வசூல் குறைவு என்பது பதிலாகாது. ஊருணித் தண்ணீருக்கு யாரும் வசூல் பார்த்ததில்லை.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இந்தச் சீமைக்கு ஒருவரை அனுப்பும்போது, மாட்டுத்தாவணியில் பேருந்து ஏற்றி அனுப்புங்கள். தை, மாசியில் போகட்டும். அந்த நாட்களில் கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022 இல் சேர்ந்த சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும், மழை நன்றாகப் பெய்திருந்தால், நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். களமெல்லாம் சிவந்து கிடக்கும். பாலைவனம் என்று எழுத அவருக்குக் கை வராது. தங்கள் வாசகர்களில் யாராவது போவதாக இருந்தாலும் இதே மாதங்கள்தான் நல்லது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் நாம் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தால் அது ஒரு பெண் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியை வெகு தூரம் தள்ளிக் கொண்டுவந்த தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது, ஆனால் வருகிற நாளில்தான் வருகிறது. ஊருணிக் கரையில் செருப்போடு இறங்கக் கூடாது. அங்கே தண்ணீர் மொள்ளும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. எடுத்த படத்தைத் தங்கள் இதழ் கால் பக்கத்துக்குப் போட்டிருப்பதைப் பார்த்ததால் சொல்கிறேன்.

இன்னொன்று. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி நிலையங்களிலிருந்து கிராமங்களுக்குப் போகும் பேருந்துகளின் நேரப் பட்டியல், போகிற வழி ஊர்களின் பெயரோடு, எங்கும் சேர்ந்தாற்போல் அச்சில் இல்லை. நடத்துநர்களின் வாயிலும், நிலையத்து டீக்கடைக்காரர் நினைவிலும்தான் இருக்கிறது. தங்கள் மாவட்ட நிருபர்கள் நான்கு நாள் செலவழித்தால் அதைத் தொகுத்துவிடலாம். அட்டவணையில் உள்ள நடை எத்தனை, உண்மையில் வருகிற நடை எத்தனை என்று இரண்டு பத்தியாகப் போட்டு, மாவட்டப் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் போய்வரும் தடங்களின் நேரத்தை எழுதிவைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
வத்தல் வியாபாரி,
கீழமாசி வீதி, மதுரை.